பொன்னும் வெண்கலமும்: நாணயங்களில் கிரேக்க இலக்கியவாணர்

1. பொருளும் எல்லையும்

ஒரு நாடு தன் புலவர் ஒருவரை நாணயத்தில் பொறிக்கும்போது இரண்டு முடிவுகளை ஒருசேர எடுக்கிறது. யாரைப் போற்றுவது என்பது முதலாவது. எந்த உலோகத்தில் போற்றுவது என்பது இரண்டாவது. முதல் முடிவைப் பற்றி இலக்கிய வரலாற்றாசிரியர்கள் விரிவாகப் பேசுவதுண்டு. இரண்டாவது முடிவு, காசுகளின் உலோகம், எடை, அச்சு, பொறிப்பு, புழங்கிய நிலப்பரப்பு ஆகியவற்றைக் கொண்டு வரலாற்றை ஆராயும் நாணயவியல் துறையினரின் பொறுப்பில் விடப்பட்டுவிட்டது. இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் கிரேக்க இலக்கியவாணர்களுக்குக் காலந்தோறும் தரப்பட்ட மதிப்பின் இயல்பு தெளிவாகும் என்பதே இச்சொற்பொழிவின் அடிப்படைக் கருத்து.

அக்கருத்தைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். பழங்கிரேக்க நகரங்கள் தம் புலவர்களுக்குத் தந்தது பெரும்பாலும் வெண்கலக் காசு. பொற்காசு தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும், சில வேளைகளில் போர்க்கால நெருக்கடிக்கும் உரியதாக இருந்தது. இன்றைய கிரேக்க அரசு அதே புலவர்களைப் பொன்னிலும் வெள்ளியிலும் பொறிக்கிறது. ஆனால் அக்காசுகள் சந்தையில் கைமாறுவதில்லை. உலோகத்தின் தரம் உயர்ந்தபோது காசின் புழக்கம் நின்றுபோனது. இந்த மாற்றத்தால் புலவர்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தொடங்குமுன் சில சொற்களை வரையறுத்துக்கொள்வது நலம். நாள்தோறும் கொடுக்கல் வாங்கலில் பயன்படுவது புழக்க நாணயம். ஒரு மனிதரையோ நிகழ்ச்சியையோ நினைவுகூரும் பொறிப்பைத் தாங்கியது நினைவு நாணயம். அது புழங்குவதாகவும் இருக்கலாம், புழங்காததாகவும் இருக்கலாம். சேகரிப்பாளர்களுக்கென்றே அச்சிடப்பட்டு, முகமதிப்பு பொறிக்கப்பட்டிருந்தும் செலவுக்கு வராதது சேகரிப்பு நாணயம். இன்று வெளியாகும் நினைவுப் பொற்காசுகள் ஏறத்தாழ அனைத்தும் இம்மூன்றாவது வகையைச் சேர்ந்தவை.

2. நகரங்களின் வெண்கலம்

கிரேக்க இலக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் ஹோமரின் காப்பிய உலகில் நாணயமே இல்லை. பொருள்களின் மதிப்பு எருதுகளின் எண்ணிக்கையால் சொல்லப்படுகிறது. பொன் எடையால் அளக்கப்படுகிறது. ‘இலியட்’ காப்பியத்தின் ஆறாம் பகுதியில் போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கும் கிளாக்கஸும் டயோமீடிஸும் தம் முன்னோரின் நட்பை அறிந்து கவசங்களை மாற்றிக்கொள்ளும்போது, கிளாக்கஸ் நூறு எருதுகள் பெறும் பொற்கவசத்தைக் கொடுத்து, ஒன்பது எருதுகள் பெறும் வெண்கலக் கவசத்தை வாங்கிக்கொள்கிறான். அவன் அறிவைத் தெய்வம் பறித்துக்கொண்டது என்பது கவிஞரின் குறிப்பு. பொன்னுக்கும் வெண்கலத்துக்கும் உள்ள விலை வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாகக் குறித்த கவிஞரையே பிற்கால நகரங்கள் வெண்கலத்தில் பொறித்தன.

ஹோமரைத் தம் மகனென உரிமை கொண்டாடிய நகரங்கள் பல. அவருடைய கல்லறை தங்களிடம் இருப்பதாகக் கூறிய ஐயோஸ் தீவு, கி.மு. நான்காம் நூற்றாண்டு அளவிலேயே அவர் தலையையும் பெயரையும் தன் காசில் பொறித்தது. ஆசியா மைனரின் கடற்கரையில் இருந்த ஸ்மிர்னா நகரம், முகப்பில் அப்பல்லோவின் தலையும் பின்புறத்தில் சுவடிச்சுருள் ஏந்தி அமர்ந்த ஹோமரின் உருவமும் கொண்ட வெண்கலக் காசுகளை வெளியிட்டது. அந்நகரில் ஹோமருக்கு ஒரு கோயிலும் சிலையும் இருந்தன என்றும், அங்கே புழங்கிய ஒரு வெண்கலக் காசே ‘ஹோமரையோன்’ என்று அழைக்கப்பட்டது என்றும் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதியுள்ளார். காய்கறிக்கும் மீனுக்கும் எண்ணிக் கொடுக்கும் சில்லறைக்கே கவிஞரின் பெயர் வழங்கியது என்பதை, அக்கவிஞர் மக்கள் நாவில் எவ்வளவு இயல்பாகப் புழங்கினார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இம்மதிப்பு ஹோமரோடு நின்றுவிடவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்கிடாமஸ் என்ற சொல்லாட்சி ஆசிரியரின் கூற்று ஒன்றை அரிஸ்டாட்டில் தம் ‘அணியியல்’ நூலில் எடுத்தாள்கிறார். அறிவுடையோரை எல்லோரும் போற்றுவர் என்பதற்கு அவர் காட்டும் சான்றுகளில் மூன்று கவனத்துக்குரியவை: பழிதூற்றும் நாவினராயிருந்தும் ஆர்க்கிலோக்கஸைப் பாரோஸ் மக்கள் போற்றினர், தம் குடிமகன் அல்லாதிருந்தும் ஹோமரைக் கியோஸ் மக்கள் போற்றினர், பெண்ணாயிருந்தும் சாப்போவை மிட்டிலீனி மக்கள் போற்றினர். இவற்றுள் கியோஸ் ஹோமரையும் மிட்டிலீனி சாப்போவையும் தம் நாணயத்தில் பொறித்தன என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சொற்பொருள் அறிஞர் போலக்ஸ் பதிவு செய்திருக்கிறார். அக்காசுகள் இன்றும் கிடைக்கின்றன. லெஸ்போஸ் தீவின் மற்றொரு கவிஞரான அல்கீயஸும் மிட்டிலீனிக் காசுகளில் இடம்பெற்றார். டியோஸ் நகரம் அனாக்ரியோனையும், ஹாலிகார்னசஸ் நகரம் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸையும் பொறித்தன.

சிசிலித் தீவின் தெர்மே நகரம் தரும் சான்று, காசும் சிலையும் எவ்வாறு ஒன்றையொன்று தழுவின என்பதைக் காட்டுகிறது. அந்நகரின் வெண்கலக் காசு ஒன்றில், முதுமையால் குனிந்து கோலூன்றி நின்று நூல் படிக்கும் ஒருவரின் உருவம் உள்ளது. அவர் ஸ்டெசிக்கோரஸ் என்னும் பாடற்கவிஞர். கி.மு. 70-இல் வெர்ரீஸ் என்ற ஊழல் ஆளுநருக்கு எதிராக உரோமானியச் சொல்லாளர் சிசெரோ தொடுத்த வழக்குரையில், அந்த ஆளுநர் கண்வைத்த கலைப்பொருள்களுள் ஒன்றாக, நூலேந்திக் குனிந்து நிற்கும் ஸ்டெசிக்கோரஸின் சிலை விவரிக்கப்படுகிறது. காசு காட்டுவதும் சிசெரோ விவரிப்பதும் ஒரே உருவத்தையே. ஊர்ப்பொதுவில் நின்ற சிலையை ஊரார் மடியிலும் வைத்துக்கொள்ள வழிசெய்தது வெண்கலக் காசு.

இக்காசுகளில் பெரும்பாலானவை வெண்கலம். மிகச் சிலவே வெள்ளி. பொன்னை ஒட்டி வரும் ஒரே சான்றும் ஐயத்துக்குரியது. மிட்டிலீனியும் போக்கேயா நகரமும் ஓர் உடன்படிக்கையின்படி மாறி மாறி ஆண்டுக்கொரு நகரமாக எலெக்ட்ரம் காசுகளை வெளியிட்டன. எலெக்ட்ரம் என்பது பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம். கலவையில் மோசடி செய்யும் அக்கசாலையாளனுக்கு மரண தண்டனை என்று அவ்வுடன்படிக்கைக் கல்வெட்டு விதிக்கிறது. ஏறத்தாழ இரண்டரை கிராம் எடையுள்ள அச்சிறு காசுகள் சிலவற்றில் காணப்படும் பெண் தலையைச் சாப்போவாகக் கொள்வோர் உண்டு. ஆனால் பெயர்ப் பொறிப்பு இல்லாததால் அதை உறுதியான சான்றாகக் கொள்வதற்கில்லை.

3. பொன்னின் இடம்

பொன்னையும் வெள்ளியையும் முதன்முதலில் நாணயமாக அச்சிட்டவர்கள் லிடியர்கள் என்று எழுதியவர், தாமே பிற்காலத்தில் வெண்கலத்தில் பொறிக்கப்பட்ட ஹெரோடோட்டஸ். லிடியாவிலிருந்து பாரசீகத்துக்குச் சென்ற பொற்காசு மரபு பேரரசின் அடையாளமாக வளர்ந்தது. கிரேக்க நகர அரசுகளோ வெள்ளியையே தம் முதன்மை உலோகமாகக் கொண்டன. கிரேக்க உலகில் பொற்காசைப் பெருமளவில் புழங்கவிட்டவர் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப். கி.மு. 356-இல் பாங்கையோன் மலைப்பகுதியின் சுரங்கங்கள் அவர் வசமாயின. அப்பொன்னில் அவர் வெளியிட்ட ‘ஸ்டேட்டர்’ எனும் ஏறத்தாழ எட்டரை கிராம் எடையுள்ள காசின் முகப்பில் அப்பல்லோவின் தலையும் பின்புறத்தில் இரட்டைக் குதிரைத் தேரும் அமைந்தன. ஒலிம்பியாவில் தாம் பெற்ற தேரோட்ட வெற்றிகளைப் பிலிப் காசில் பொறித்து மகிழ்ந்தார் என்று புளூட்டார்க் எழுதுவதால், இதனைக் கிரேக்க உலகின் தொடக்ககால நினைவுப் பொற்காசுகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். அது நினைவுகூர்ந்தது ஓர் அரசரின் வெற்றியை.

அதே போக்கு பின்னரும் தொடர்ந்தது. அலெக்சாந்தரின் படைத்தலைவராக இருந்து அரசரான லைசிமாக்கஸ், இறந்த அலெக்சாந்தரின் தலையை ஆட்டுக்கடாக் கொம்புடன் தெய்வ உருவில் பொறித்தார். எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி, மறைந்த தம் அரசி அர்சினோவின் நினைவாக ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ள பெரிய பொற்காசுகளை வெளியிட்டார். அலெக்சாந்திரியாவின் நூலகத்தையும் கல்விக்கழகத்தையும் பேணியது இந்தத் தாலமி மரபுதான். ஹோமரின் பிரதிகளைச் செப்பம் செய்த அறிஞர்கள் வாழ்ந்ததும் அங்கேதான். நான்காம் தாலமி ஹோமருக்கு ஒரு கோயிலையே கட்டி, கவிஞரின் சிலையைச் சுற்றி அவரைத் தம்மவர் என்று உரிமை கோரிய நகரங்களின் உருவங்களை நிறுத்தினார். கோயில் தந்த அம்மரபு பொற்காசில் இடம் தந்தது அரச குடும்பத்துக்கு. பொற்காசு ஆட்சியின் தொடர்ச்சியைப் பறைசாற்றும் கருவி என்பதால் அதில் புலவருக்கு இடமில்லாமல் போயிற்று.

பொற்காசோடு புலவருக்கு இருந்த உறவு பெரும்பாலும் கூலியின் வழிப்பட்டது. அலெக்சாந்தரைப் புகழ்ந்து மோசமான பாட்டுகளைப் புனைந்த கொய்ரிலஸ் என்பவர், பிலிப்பின் பெயர் தாங்கிய பொற்காசுகளை அதற்குப் பரிசாகப் பெற்றதை உரோமானியக் கவிஞர் ஹொரேஸ் எள்ளலாகக் குறிப்பிடுகிறார். காசின் மாற்றுக்கும் பாட்டின் மாற்றுக்கும் தொடர்பில்லை என்பதற்கு அந்நிகழ்ச்சியை ஒரு பாடமாகவே அவர் காட்டுகிறார்.

பண்டைய கிரேக்கத்தில் இலக்கியம் உண்மையாகவே பொன்னேறியதாகக் கூறப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது நாணயத்தோடு தொடர்பற்றது. ரோட்ஸ் தீவைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் டயாகோரஸ் கி.மு. 464-இல் ஒலிம்பியாவில் பெற்ற வெற்றியைப் பிண்டர் பாடினார். அப்பாடல் லிண்டோஸ் நகரின் அத்தீனா கோயிலில் பொன்னெழுத்துகளில் பொறித்து வைக்கப்பட்டது என்று பழைய உரையாசிரியர்கள் குறித்துள்ளனர். ரோட்ஸ் மக்கள் பொன் தந்தது கவிஞரின் முகத்துக்கு அன்று, அவருடைய பாட்டுக்கு. இந்த வேறுபாடு இன்றைய நினைவுக் காசுகளை மதிப்பிடும்போது மீண்டும் தேவைப்படும்.

4. ஏதென்ஸின் தராசு

பொற்காசையும் புலவரையும் ஒரே மேடையில் நிறுத்திய பண்டைய நூல் அரிஸ்டோபனிஸின் ‘தவளைகள்’ என்னும் இன்பியல் நாடகம். அது கி.மு. 405-இல் அரங்கேறி முதற்பரிசு பெற்றது. அதன் பின்னணியை நாணயவியல் விளக்குகிறது. ஏதென்ஸின் செல்வம் லாரியன் வெள்ளிச் சுரங்கங்களை நம்பியிருந்தது. கி.மு. 413-இல் ஸ்பார்ட்டாவின் படை டெகலியாவில் நிலைகொண்டதும் ஏதென்ஸிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினர் என்று தூசிடிடிஸ் எழுதுகிறார். வெள்ளி வரத்தும் வற்றியது. வேறு வழியின்றி அக்ரோபோலிஸில் இருந்த வெற்றித் தெய்வமான நைக்கேயின் பொற்சிலைகளை உருக்கி கி.மு. 407 – 406 அளவில் பொற்காசுகள் அடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் வெள்ளிப் பூச்சிட்ட செப்புக்காசுகளும் வந்தன. ஏதென்ஸின் பொற்காசு வளத்தின் அடையாளமாக அல்லாமல் வறட்சியின் அடையாளமாகவே பிறந்தது.

நாடகத்தின் நடுவே குழுவினர் அவையோரை நேரே விளித்து, நகரம் தன் நல்ல குடிமக்களை நடத்தும் முறையும் நல்ல பழைய நாணயத்தையும் புதிய பொற்காசையும் நடத்தும் முறையும் ஒன்றே என்று கடிகின்றனர். நன்கு அடிக்கப்பட்டு எங்கும் மதிக்கப்படும் காசை ஒதுக்கிவிட்டு, நேற்று அடித்த மட்டமான செம்பை மக்கள் புழங்குகின்றனர். அவ்வாறே பண்பட்ட மனிதரை ஒதுக்கிவிட்டு மட்டமானவர்களைப் பதவியில் அமர்த்துகின்றனர் என்பது குழுவினரின் குற்றச்சாட்டு. தரக்குறைவான காசு தரமான காசைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்று பிற்காலப் பொருளியல் வகுத்த விதியின் மிகப் பழைய இலக்கியப் பதிவுகளுள் ஒன்று இது.

இந்நாடகத்தின் இறுதிப் பகுதியில் தராசு மேடைக்கு வருகிறது. இறந்துபோன புலவர்களுள் ஒருவரை மீட்டுவரக் கீழுலகம் செல்லும் டயோனிசஸ் தெய்வத்தின் முன்னிலையில் ஈஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் தத்தம் அடிகளைத் தட்டுகளில் சொல்லி நிறுத்துக் காட்டுகின்றனர். ஒவ்வொரு முறையும் ஈஸ்கிலஸின் தட்டே தாழ்கிறது. இருப்பினும் தராசின் தீர்ப்போடு டயோனிசஸ் நின்றுவிடுவதில்லை. நகரத்தைக் காப்பாற்ற என்ன அறிவுரை தருவீர் என்று இருவரையும் கேட்ட பிறகே ஈஸ்கிலஸைத் தேர்ந்தெடுக்கிறார். எடை ஒரு சான்று மட்டுமே. ஊருக்குப் பயன்படுவதே இறுதி அளவுகோல் என்ற நிலைக்கு நாடகம் வந்து சேர்கிறது. தராசில் நிறுத்திய அதே புலவர்கள் இன்று கிராம் கணக்கில் எடை குறிக்கப்பட்ட நாணயங்களில் பொறிக்கப்படும்போது அரிஸ்டோபனிஸின் அங்கதம் புதிய பொருள் பெறுகிறது.

5. அறியாத முகங்கள்

நாணயத்தில் முகம் வேண்டும். ஆனால் பழம்புலவர் பலரின் முகம் எவருக்கும் தெரியாது. நூலகங்களில் புலவர்களின் உருவங்களை வைக்கும் வழக்கத்தைப் பற்றி எழுதும் மூத்த பிளினி, இல்லாத உருவங்களும் கற்பனையால் படைக்கப்படுகின்றன என்றும், ஹோமரின் முகம் அவ்வாறு ஏக்கத்தால் பிறந்தது என்றும் தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 35-ஆம் பகுதியில் கூறுகிறார். பார்வையற்ற, தாடி வைத்த முதியவராக உலகம் அறியும் ஹோமர் கலைஞர்களின் ஆக்கமே. ஒவ்வொரு நகரமும் தனக்கேற்ற ஹோமரை வடித்துக்கொண்டது. அதனால் ஐயோஸின் ஹோமரும் ஸ்மிர்னாவின் ஹோமரும் ஒரே முகத்தினர் அல்லர்.

துன்பியல் நாடக ஆசிரியர்கள் மூவரின் நிலை சற்று வேறுபட்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்ஸின் நிதியை நிர்வகித்த லைக்கர்கஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்படி ஈஸ்கிலஸ், சோபோக்கிளிஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூவருக்கும் டயோனிசஸ் அரங்கில் வெண்கலச் சிலைகள் நிறுவப்பட்டன. அவர்களுடைய நாடகங்களின் அதிகாரப் பிரதிகள் எழுதப்பட்டு அரசின் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. நடிகர்கள் அப்பிரதியிலிருந்து வழுவலாகாது என்றும் விதிக்கப்பட்டது. யூரிப்பிடிஸும் சோபோக்கிளிஸும் மறைந்து ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள் கடந்த பிறகே அச்சிலைகள் எழுந்தன. இன்று அம்மூவரின் முகங்களாக அறியப்படுபவற்றுள் பல, இத்தகைய சிலை மரபின் உரோமானியப் படிகள் வழியாகக் கிடைத்தவை.

அந்த அதிகாரப் பிரதிகளுக்குப் பின்னர் நேர்ந்ததை மருத்துவ அறிஞர் காலன் கூறுகிறார். படியெடுத்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி எகிப்தின் மூன்றாம் தாலமி அவற்றை இரவல் வாங்கி, பிணையாக 15 தாலந்து வெள்ளியைச் செலுத்தினார். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 26 கிலோ. அதாவது 6,000 திராக்மா. மன்னர் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு, அழகாக எழுதிய படிகளை ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டுப் பிணைத்தொகையை இழக்க முன்வந்தார். ஏறத்தாழ 390 கிலோ வெள்ளியை மூன்று நாடக ஆசிரியர்களின் சுவடிகளுக்கு ஈடாகக் கருதிய இந்நிகழ்ச்சி, இலக்கியத்துக்கு விலைமிக்க உலோகத்தில் தரப்பட்ட பண்டைய மதிப்பீடுகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று.

6. திராக்மாவில் புலவர்

விடுதலை பெற்ற கிரேக்கம் 1828-இல் ‘ஃபீனிக்ஸ்’ என்ற நாணயத்தோடு தொடங்கி, சில ஆண்டுகளில் திராக்மா என்ற பழம்பெயரை மீட்டுக்கொண்டது. 1833-இல் மன்னர் ஓட்டோவின் தலையுடன் 20 திராக்மா பொற்காசு வெளியானது. பின்னர் கிரேக்கம் 1868-இல் இலத்தீன் நாணய ஒன்றியத்தில் இணைந்தது. உறுப்பு நாடுகளின் பொற்காசும் வெள்ளிக்காசும் ஒரே எடையிலும் மாற்றிலும் இருக்க வேண்டும் என்று வகுத்த உடன்படிக்கை அது. அதன்படி முதலாம் ஜார்ஜின் 20 திராக்மா பொற்காசு 6.45 கிராம் எடையும், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு பொன்னும் கொண்டிருந்தது. மீதம் நூறு பங்கு, கைபட்டுத் தேயாதிருக்கக் கலக்கப்பட்ட வேற்று உலோகம். பொன்னில் அப்போதும் அரசரின் தலையே இருந்தது.

1974-இல் பொது வாக்கெடுப்பின் வழியாக முடியாட்சி முற்றாக நீங்கியது. அரசரின் தலை அகன்ற இடத்துக்குப் புதிய முகங்கள் தேவைப்பட்டன. 1976 முதல் 5 திராக்மாவில் அரிஸ்டாட்டிலும், 10 திராக்மாவில் டெமாக்ரிட்டஸும், 20 திராக்மாவில் பெரிக்ளிஸும் வந்தனர். 1980-இல் 50 திராக்மாவில் சோலன் பொறிக்கப்பட்டார்; சட்டம் வகுத்தவராக அறியப்படும் அவர் பாவடிவில் அரசியல் பேசிய கவிஞரும் ஆவார். 1986-இல் அந்த 50 திராக்மா ஹோமருக்கு மாறியது. அதன் மறுபக்கத்தில் பாய்மரக் கப்பல் ஒன்று இடம்பெற்றது. 1990-இல் 20 திராக்மாவில் டயோனிசியோஸ் சொலோமோஸ் பொறிக்கப்பட்டார். 1823-இல் அவர் இயற்றிய 158 கண்ணிகள் கொண்ட விடுதலைப் பாடலின் முதல் இரண்டு கண்ணிகளே கிரேக்கத்தின் நாட்டுப்பண்.

இவ்விரு காசுகளும் செம்பும் அலுமினியமும் கலந்த மஞ்சள் நிற உலோகத்தால் ஆனவை. யூரோவுக்கு மாறியபோது 340.75 திராக்மா ஒரு யூரோவாகக் கணக்கிடப்பட்டதால், ஹோமரின் காசு 15 சென்ட்டுக்கும், சொலோமோஸின் காசு 6 சென்ட்டுக்கும் குறைந்த மதிப்பினவாக இருந்தன. மதிப்பு குறைந்த காரணத்தாலேயே அவை எல்லோர் பையிலும் இருந்தன. ஸ்மிர்னாவின் பழைய வெண்கலக் காசு செய்த பணியை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடர்ந்து செய்தவை இவையே. 2002-இல் திராக்மாவுடன் இவையும் புழக்கத்திலிருந்து நீங்கின.

இதே நூற்றாண்டில் கிரேக்க மக்கள் பொன்னை அறிந்தது வேறு வழியில். 1941 முதல் 1944 வரை நீடித்த அந்நியப் படை ஆக்கிரமிப்பில் பணவீக்கம் கட்டுமீறி, 10,000 கோடி திராக்மா மதிப்புள்ள தாள் வரை அச்சாகி, 1944 நவம்பரில் 5,000 கோடி பழைய திராக்மாவுக்கு ஒரு புதிய திராக்மா என்று மாற்றும் நிலை வந்தது. தாள்பணத்தில் நம்பிக்கை இழந்த குடும்பங்கள் பிரிட்டனின் பொற்காசான சாவரினைச் சேமித்தன. கவிஞர் கோஸ்டிஸ் பலமாஸ் 1943 பிப்ரவரி 27-இல் ஏதென்ஸில் மறைந்தது இந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான். ஆக்கிரமிப்பாளரின் கண்முன்னே அவருடைய இறுதி ஊர்வலம் மக்களின் எதிர்ப்பு முழக்கமாக மாறியது. ஒலிம்பிக் கீதத்தின் சொற்களை எழுதிய அவருக்கு நாணயத்தில் இடம் கிடைக்க 75 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

7. யூரோ காலமும் இன்றைய பொற்காசும்

யூரோ நாணயத்தின் ஒரு பக்கம் எல்லா நாடுகளுக்கும் பொது. மறுபக்கம் அந்தந்த நாட்டுக்கு உரியது. கிரேக்கத்தின் நிலையான வரிசையில் எழுத்தோடு தொடர்புடைய ஒருவர் மட்டுமே இருக்கிறார்: 10 சென்ட் காசில் உள்ள ரீகாஸ் பெரையோஸ். விடுதலைப் பாடல் இயற்றிய அவர், 1797-இல் வியன்னாவில் பன்னிரண்டு தாள்களில் கிரேக்க நிலப்படம் ஒன்றை வெளியிட்டு, அதன் ஓரங்களிலும் இடைவெளிகளிலும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பழங்காசுகளை வரைந்து வைத்தார். ஓட்டோமன் ஆட்சியின் கீழ்ச் சிதறிக் கிடந்த மக்களுக்கு அவர்களுடைய பழம்பெருமையை நினைவூட்டப் பழைய காசுகளையே அவர் கருவியாகக் கொண்டார். 1798-இல் பெல்கிரேடில் கொல்லப்பட்ட அவர் இன்று தாமே காசாக உலவுகிறார். அக்காசின் உலோகம் ‘நார்டிக் கோல்டு’ எனப்படும் கலவை: செம்பு, அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம் ஆகியவை சேர்ந்தது; பொன் அதில் துளியும் இல்லை.

இவ்வரிசைக்கு அப்பால் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. முதலாவது, 2 யூரோ நினைவு நாணயம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கையொட்டிக் கிரேக்கமே முதன்முதலில் வெளியிட்ட இவ்வகைக் காசு யூரோ நாடுகள் அனைத்திலும் செல்லும். 2017-இல் நாவலாசிரியர் நிக்கோஸ் கசான்சாகிஸும், 2018-இல் பலமாஸும், 2019-இல் கவிஞர் ஆண்ட்ரியாஸ் கல்வோஸும் இவ்வாறு போற்றப்பட்டனர். இங்கிலாந்தில் 1869-இல் மறைந்து, 1960-இல் தம் சாக்கிந்தோஸ் தீவுக்கு எலும்புகளாகத் திரும்பிய கல்வோஸின் உண்மை உருவப்படம் எதுவும் கிடைத்ததில்லை. பிளினி ஹோமரைப் பற்றிச் சொன்னது, அச்சுப் புத்தகக் காலத்தவரான அவருக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது வழி, பொன்னாலும் வெள்ளியாலும் ஆன சேகரிப்பு நாணயம். 2004 ஒலிம்பிக்குக்கென 100 யூரோ முகமதிப்பில் பொற்காசுகள் வெளியானதைத் தொடர்ந்து கிரேக்கத்தில் இம்மரபு வேரூன்றியது. ‘கிரேக்கப் பண்பாடு’ என்ற தலைப்பிலான வரிசை துன்பியல் நாடக ஆசிரியர்களையும் தத்துவ ஞானிகளையும் விலைமிக்க உலோகத்துக்குக் கொண்டுவந்தது. இக்காசுகளுக்கான சட்டம் 2012-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி. சேகரிப்பு நாணயம் வெளியிட்ட நாட்டில் மட்டுமே செல்லும். அதன் முகமதிப்பு புழக்க நாணயங்களின் முகமதிப்பிலிருந்து வேறுபட வேண்டும். நிறம், எடை, விட்டம் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டில் தெளிவான வேறுபாடு இருக்க வேண்டும். அது செலவுக்குப் பயன்படாதவாறு அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. செலவழிக்கக் கூடாது என்று சட்டமே விரும்பும் காசு, நாணய வரலாற்றில் ஒரு புதுமை.

அதன் செய்முறையும் இதற்கேற்பவே அமைகிறது. பழங்காலத்தில் பட்டறைக்கல்லில் பதித்த கீழச்சின் மேல் உலோக வில்லையை வைத்து, மேலச்சைச் சம்மட்டியால் அடித்துக் காசு செய்தனர். ஒவ்வொன்றும் சற்றே விலகியும் கோணியும் இருக்கும். இன்றைய தரமிகு அச்சில் மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சுகளுக்கிடையே வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவதால், தளம் கண்ணாடிபோல் மின்ன, உருவம் மங்கிய வெண்மையுடன் எழுந்து நிற்கிறது. விரல் பட்டாலே அம்மெருகு கெடும் என்பதால் காசு நெகிழிக் கூட்டுக்குள் வைத்தே விற்கப்படுகிறது. அதன் முகமதிப்பு பெரும்பாலும் பொன்னின் சந்தை விலையினும் குறைவு. விற்பனை விலையோ இரண்டினும் கூடுதல். வெளியிடும் எண்ணிக்கை முன்கூட்டியே வரையறுக்கப்படுவதால் அருமையும் விலையின் ஒரு பகுதியாகிறது.

8. மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கினால், புலவரின் காசு எந்தக் காலத்திலும் ஓர் உரிமைக் கோரிக்கை என்பது புலப்படும். ஐயோஸும் ஸ்மிர்னாவும் கியோஸும் ஹோமரை எங்களவர் என்று தம் காசால் வாதிட்டன. இன்றைய கிரேக்கம் ஈஸ்கிலஸையும் சோபோக்கிளிஸையும் தன் தொடர்ச்சியென்று உலகச் சேகரிப்பாளர் முன் வாதிடுகிறது. கேட்போர் மாறியதற்கேற்ப உலோகமும் மாறியது. ஊராரிடமும் அண்டை ஊராரிடமும் பேச வெண்கலம் போதும். தொலைதேசத்துச் செல்வரிடம் பேசப் பொன் பயன்படுகிறது. ஆகவே பொற்காசை வெறும் ஆடம்பரம் என்று தள்ளுவதும், அதனால் புலவரின் பெருமை உயர்ந்துவிட்டது என்று கொண்டாடுவதும் ஒருசேரப் பொருந்தாதவை. பொன் நிலைக்கும், துருப்பிடிக்காது, நகரங்கள் அழிந்த பிறகும் புதையலிலிருந்து வெளிப்பட்டுச் சான்று கூறும். அந்த வகையில் அது எதிர்காலத்துக்கு எழுதப்படும் ஆவணம். அவ்வக்காலத்து மக்களிடம் புலவரைக் கொண்டு சேர்க்கும் பணி 20 திராக்மாவுக்கும் 2 யூரோவுக்கும் உரியது.

இதனால் இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரு புலவருக்கு விலைமிக்க உலோகத்தில் நினைவு நாணயம் வெளியிடும் அரசு, அதே புலவரைப் புழக்கக் காசிலும் பொறித்தால்தான் அச்சிறப்பு முழுமை பெறும். ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிப் பேச்சே. அடுத்து, உண்மை முகம் தெரியாத புலவர்க்குப் பொன்னில் கற்பனை முகம் தீட்டுவதைவிட, லிண்டோஸ் மக்களைப் போல அவருடைய சொல்லையே பொன்னில் பொறிப்பது நேர்மையானது. ஹோமருக்கும் சாப்போவுக்கும் கல்வோஸுக்கும் எஞ்சியிருப்பது முகமன்று, எழுத்தே.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிரேக்கர்கள் தம் புலவர்க்குச் செய்த சிறப்புகளில் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக லைக்கர்கஸின் சட்டமே நிற்கிறது. மூன்று வெண்கலச் சிலைகளை நிறுவிய அதே சட்டம் மூவரின் நாடகங்களையும் பிழையின்றிப் பேணவும் ஆணையிட்டது. அச்சிலைகள் அழிந்துவிட்டன, பேணப்பட்ட நாடகங்களில் ஒரு பகுதி இன்றும் மேடையேறுகிறது. நினைவுப் பொற்காசு வெளியிடும் எந்த அரசும், அதன் விற்பனையில் வரும் இலாபத்தில் ஒரு பங்கையேனும் அப்புலவரின் நூல்களைச் செம்மையாகப் பதிப்பிக்கவும் மலிவு விலையில் மாணவர்க்குக் கொடுக்கவும் ஒதுக்குமானால், பொன்னுக்குச் செய்த செலவு பொருளுள்ளதாகும்.